மேற்கு அடுக்கு

இந்தப் பட்டுப்புழு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுதான் தொல்லை. செத்திருந்தால் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இது தலையைத் தூக்குகிறது, மல்பெரி இலைமேல் வாயை வைக்கிறது, தின்னாமலே எடுத்துக்கொள்கிறது. விறைப்பாக இருக்க வேண்டிய உடம்பு தொட்டால் அழுகத் தொடங்கிய வாழைப்பழம் போல அமுங்குகிறது. வாயோரம் ஒரு சொட்டு நீர், வாந்திதான், வேறென்ன. போதும் சம்பூர்ணம், உனக்குத் தெரியாதது எதையும் இனி இந்தப் புழு சொல்லப் போவதில்லை. காலையில் இதே மேற்கு அடுக்கின் கீழ்த்தட்டில் கறுத்துப்போன சிலதைப் பொறுக்கும்போதே தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது, ஆனாலும் வீட்டுக்காரரைச் சத்தியமங்கலத்துக்குச் சுண்ணாம்புத் தூள் வாங்க அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கிழக்கு அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவை இரண்டும் தின்கின்றன. கிட்டப் போனால் நறநறவென்று கேட்கிறது. மேற்கில் அந்தச் சத்தம் இல்லை. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது, மேல்தட்டில் கொஞ்சம் கேட்கிறது, அந்தக் கொஞ்சம்தான் என்னை அறுக்கிறது. மேற்குச் சுவர் மத்தியான வெயிலை முழுசாக வாங்கும் சுவர். கரண்ட் போய் மின்விசிறியும் நின்றுவிட்டது, வெயில் ஏறினால் போதும், கரண்ட்காரனுக்கு எங்கள் ஷெட்டின்மேல் கண் வந்துவிடும். தூணில் தொங்கும் வெப்பமானி முப்பத்தைந்தைத் தாண்டி நிற்கிறது. இருபத்தைந்தில் சுகமாகத் தின்று வளரும் ஜீவன் இது. இந்தச் சூட்டில் அதற்குக் குடல் வேலை செய்யாது, குடலுக்குள் சும்மா கிடந்த கிருமிக்கு வேலை வந்துவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான். மேற்கு அடுக்கை முழுசாக எடுத்துக் குழியில் போட வேண்டும், செத்ததை, சாகப்போவதை, தின்றுகொண்டிருப்பதை, எல்லாவற்றையும். அப்போதுதான் மற்ற இரண்டும் கூடு கட்டும். பொறுக்கிப் பொறுக்கிக் காப்பாற்றலாம் என்று உட்கார்ந்தால் மூன்றும் போகும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பின் ஏன் யோசித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால் புழுவுக்காக இல்லை. அவர் வந்து "எப்படி வந்துது?" என்று கேட்பார், அதற்காக.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்குப் பெண் கிடைத்ததால் வந்தது. நாற்பதைத் தொடப்போகிறவனுக்கு, ஜாதகம் தூக்கிக்கொண்டு அலையாத ஊரில்லை, கடைசியில் காங்கயம் பக்கம் ஒரு வீட்டில் சரி என்றார்கள், அதுவும் இந்த முகூர்த்தம் விட்டால் பெண்ணின் மனசு மாறிவிடும் என்கிற மாதிரி அவசரம். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யக் கூடப் பிறந்தவள் வேண்டும், அவனுக்கு நான் ஒருத்திதான். பட்டுச்சேலை கட்டி, கூடையும் செம்பும் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நான் உட்காராமல் எங்கள் சாதியில் தாலி ஏறாது. புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது, இப்போதுதான் நாலாம் தோல் உரித்துப் பசியோடு எழுந்திருக்கிறது, நான் வர முடியாது என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். புழுவுக்காக ஒருத்தி சீருக்கு வரவில்லை என்று ஒறம்பரைச் சொந்தமெல்லாம் ஆயுசுக்கும் பேசும் என்றாள். மூன்று நாளைக்கு முன்னால் போனேன். உட்கார்ந்தேன். மேளம் வாசிக்கிறான், நான் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெளியே தார் ரோடு இளகுகிறது, ஷெட்டில் என்ன சூடோ என்று கணக்குப் போடுகிறேன். திரும்பி வந்து குளித்து, ஷெட்டுச் செருப்பு மாற்றி, கதவைத் திறந்தேன். இட்லிக் குண்டாவைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தன. சன்னலின் உள்பக்கம் ஈரச் சாக்கு, தரையெல்லாம் தண்ணீர், புழுப் படுக்கையில் கிடந்த இலை பளபளவென்று நனைந்திருந்தது. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வெயில் ஒரு பொட்டு உள்ள வரல பாரு. குளுகுளுன்னு வச்சிருக்கன். எலயக்கூட தண்ணி தெளிச்சுத்தான் போட்டன், பாவம், அதுக்கும் தாகமாத்தான இருக்கும்" என்றார். வெளியில் இருந்து வந்த எனக்கு மூச்சு முட்டியது. ஒன்றும் சொல்லாமல் சன்னலைத் திறந்தேன், சாக்கை வெளிப்பக்கம் மாற்றினேன், ஈர இலையை அள்ளி எறிந்தேன், "சித்த காத்து வரட்டுமுங்க" என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். நனைந்த இலையைத் தின்றால் அதன் வயிறு கெடும், காற்றில்லாத ஈரச் சூட்டில் கிருமி பொங்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் ஒருமுறை சொன்னால் புரியும். சொல்லவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம் என்று நினைத்தேன். அந்த ஒருவேளைதான் இப்போது குச்சியின் நுனியில் வாந்தி எடுக்கிறது.

சொல்லாததற்குக் காரணம் பயம், வேறு ஒன்றும் இல்லை. நூல் மில்லைப் பூட்டின வருஷத்தை நான் பார்த்தவள். காலையில் எழுந்து குளித்து, ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி தலை வாரி, நாற்காலியை எடுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். வாசலைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். நல்ல மனுசன், குடிக்கவில்லை, கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்தியிருப்பேன். வெறுமனே அந்த முதுகு. அதன்பிறகுதான் நான் இந்த மல்பெரியை வைத்தேன், ஷெட்டுப் போட்டேன், ஒருநாள் கை போதாமல் "அந்தத் தண்டுக் கட்ட எடுத்து வாங்க" என்றேன். எடுத்து வந்தார். புழு தின்பதைக் குனிந்து பார்த்தார். மறுநாள் நான் சொல்லாமலே வந்தார். நாற்காலி தானாக வாசல் பக்கம் திரும்பியது. இப்போது இலை வெட்டுவது அவர், படுக்கை மாற்றுவது அவர், கூடு எடுத்துக்கொண்டு மார்க்கெட் போகிறவர் அவர். ஊரில் யாரோ "குழந்தவேலு, பண்ணையம் எப்படி இருக்குது?" என்று கேட்டால் "புழுவுக்கு என்ன, ராசா மாதிரி இருக்குது" என்பார், மில்லில் சூப்பர்வைசர் ஆன அன்றைக்குக்கூட அப்படிச் சொல்லவில்லை. அந்த மனுசனிடம் போய், உங்கள் கையால்தான் வெந்தது என்று நான் எப்படிச் சொல்வேன். சொன்னால் புழு சாகும் சேதி மட்டுமா அது. "நான் தொட்டா வெளங்காது, நீயே பாத்துக்க" என்பார். நாற்காலியை எடுப்பார். அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மேற்கு அடுக்கு போகட்டும், மூன்று அடுக்கும் போகட்டும், அந்த முதுகு மட்டும் வேண்டாம். இல்லை, மூன்றும் போகக் கூடாது. எதற்காக மூன்றும் போக வேண்டும். நான் என்ன செத்தா போய்விட்டேன். கிழக்கு அடுக்கில் படுக்கையை இன்னும் கொஞ்சம் பரத்திவிட வேண்டும், நெருக்கமாகக் கிடந்தால் அதன் மூச்சே அதற்குச் சூடு. இந்தத் தண்டை அப்படி நகர்த்தி, இதை இப்படி. கூரைமேல் போட்ட தென்னந்தட்டியில் தண்ணீர் காய்ந்திருக்கும், ஹோஸைத் திறந்துவிட வேண்டும், கரண்ட் இல்லையே, சரி, குடத்தால் ஊற்று. கூரை நனையலாம், இலை நனையக் கூடாது, இவ்வளவுதானே விஷயம்.

அவருக்கு அன்பு வந்தால் முதலில் கதவைச் சாத்துவார். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை, கொஞ்சம் கோபமாகத்தான் சொல்கிறேன். மகள் தாரணிக்கு ரெண்டு வயசில் காய்ச்சல் வந்தபோது இதே கதை. சன்னலைச் சாத்தி, காற்றுப் பட்டுவிடும் என்று கதவிடுக்கில் துணி திணித்து, குழந்தையைக் கம்பளியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை நெருப்பாகக் கொதிக்கிறது, மேலே கம்பளி. திடீரென்று கண் மேலே செருகி, கை வெட்டி வெட்டி இழுத்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார், நான் பிடுங்குகிறேன். கோபி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கம்பளியை அவிழ்த்து வீசினாள். பிழைத்துக்கொண்டது, பெருந்துறையில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறது. காய்ச்சல் என்பது நோய் இல்லைம்மா, உள்ளே வந்த கிருமிக்கு நம் உடம்பு மூட்டுகிற அடுப்பு என்றாள் போன வாரம் போனில். வெட்டுக்கிளி, சில்வண்டு மாதிரிப் பூச்சிகளுக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது, அதனால் அதுகளில் சிலது நோய் வந்தால் வெயில் படுகிற இடமாகத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும், வெயிலைக் காய்ச்சலாக வாங்கிக்கொள்ளும் என்றாள். அப்படியா என்றேன். அதிலிருந்து அது மனசில் சிக்கிக்கொண்டது. நமக்கு நோய் வந்தால் காய்ச்சல் வருகிறது. பட்டுப்புழுவுக்குக் காய்ச்சல் வந்தால் நோய் வருகிறது. அந்தக் காய்ச்சல்கூட அதனுடையது இல்லை, இந்தச் சுவருடையது, இந்தக் கூரையுடையது, நாம் சாத்திய சன்னலுடையது. சூடு பிடிக்காவிட்டால் எழுந்து நிழலுக்குப் போகவும் இதற்குத் தெரியாது. எத்தனையோ தலைமுறையாக மனுசன் வைத்த இடத்தில் கிடந்து, வைத்த இலையைத் தின்று, நகரவே மறந்துபோன ஜீவன். அது போகாது, நாம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரையும் நான்தான் அப்படிக் கொண்டுவந்தேன். கொண்டுவந்துவிட்டு, மறுபடி விழுந்துவிடுவார் என்று கம்பளியில் சுருட்டி வைத்திருக்கிறேன். அவர் தாரணிக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்கிறேனோ என்று இப்போது தோன்றுகிறது, தோன்றினவுடன் கோபமாக வருகிறது, இதென்ன கூத்து, நான் வேறு அவர் வேறு என்று மனசு சண்டைக்கு நிற்கிறது. நிற்கட்டும். குடம் காலி. இன்னொரு நடை.

பொய் ஒன்று தயாராக இருக்கிறது, வெகு சுலபமான பொய். சாக்கி சென்டரில் இருந்தே நோயோடு வந்தது என்று சொல்லிவிடலாம். முட்டை பொரித்து, குட்டிப் புழுவாக வளர்த்து நமக்குக் கொடுக்கிறவன் மாதேவன், தாளவாடிக்காரன், ஷெட்டில் எது நடந்தாலும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் அவன் தலையில்தான் கட்டுவார்கள். இலைக்கு மருந்தடித்த கை பட்டுச் செத்தாலும் சாக்கி சரியில்லை, எறும்பு ஏறினாலும் சாக்கி சரியில்லை. அவனும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான், அவனுக்குப் பழகிவிட்டது. தோல் உரிப்பதை அவன் ஜுரம் என்பான், கன்னடத்தில் அப்படித்தானாம். முதல் ஜுரம் முடிந்தது, ரெண்டாம் ஜுரம் முடிந்தது, நல்லபடியாக அனுப்புகிறேன் என்று வளர்த்த பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிறவன் மாதிரி சொல்லித்தான் அனுப்பினான். அவன் கொடுத்த புழுவில் ஒரு குறை இல்லை. ஒரே தட்டில் வந்த புழுதான் மூன்று அடுக்கிலும் இருக்கிறது, கிழக்கே தின்கிறது, மேற்கே சாகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும். இருந்தாலும் சொல்லிவிடலாம். அவர் நம்புவார். நம்ப ஆசைப்படுவார். "படுபாவி மாதேவன்" என்று ரெண்டு நாள் திட்டுவார், பிறகு மறந்துவிடுவார், நாற்காலி வாசல் பக்கமே இருக்கும். அடுத்த வெயிலில் என்னை வேறு ஒரு சீருக்குக் கூப்பிடுவார்கள், சீருக்கா பஞ்சம், அவர் மறுபடி சன்னலைச் சாத்துவார், மறுபடி குடத்தைத் தூக்குவார், பாவம் அதுக்குத் தாகம் என்பார். ஒவ்வொரு கோடைக்கும் நான் வீட்டை விட்டு நகராமல் காவல் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு அடுக்கு. பொய் அவரைக் காப்பாற்றும், பண்ணையத்தைக் கொல்லும், பண்ணையம் போனால் அவரும் போவார். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நிற்கிறது. வண்டிச் சத்தம் கேட்கிறதா. இல்லை, அது பால் வண்டி. வேர்வை கண்ணில் இறங்குகிறது. கை கழுவாமல் துடைக்கக் கூடாது, எரியட்டும். மேற்கு மேல்தட்டில் ஒரு புழு நன்றாகத்தான் தின்கிறது, பார், அரைவட்டமாக அழகாக வெட்டிக்கொண்டு போகிறது, தலையை மேலே எடுத்துக் கீழே எடுத்து. இதை எடுத்துக் கிழக்கே வைத்துவிட்டால் என்ன. ஒன்றே ஒன்று. வைக்கக் கூடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்கே தெரியாது. ஒன்றை மாற்றினால் கிழக்கும் போகும். நான் அழவில்லை, வேர்வைதான், அழுதாலும் ஒன்றும் குறைந்துபோகாது. குழியை வெட்டத் தொடங்கலாம். கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், கோழி வராத இடத்தில். கோழிக்குப் போட்டால் அது கிளறி ஊரெல்லாம் பரப்பிவிடும், ஆழமாகத்தான் வெட்ட வேண்டும். மண்வெட்டி எங்கே. சொல்லத்தான் போகிறேன். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லத்தான் போகிறேன்.

மண் காய்ந்து கட்டையாக இருக்கிறது, இரண்டு கொத்துக்கு ஒரு கை மண் வருகிறது. முழங்கால் ஆழம் போனபோது அவர் வண்டி வந்தது. சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் வைத்தபடி நேராகக் குழிக்கே வந்தார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த அடுக்கு?" என்றார்.

"மேக்கால அடுக்குங்க. முழுசும்."

மூட்டையை மெதுவாக இறக்கினார். ஷெட்டுப் பக்கம் போய்ச் சித்த நேரம் கழித்து வந்தார். முகம் மில்லைப் பூட்டின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. "மாதேவன் குடுத்த புழுவே சரியில்லயாட்ட இருக்குது" என்றார், என்னைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்து. நான் வைத்திருந்த பொய்யை அவரே எடுத்து நீட்டுகிறார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. வாங்கிக்கொள் சம்பூர்ணம், வாங்கிக்கொண்டு மண்ணை வெட்டு, யாருக்கு நஷ்டம் என்று ஒரு குரல்.

"இல்லீங்க" என்றேன். "மாதேவன் புழு நல்லாத்தான் இருந்துது. நீங்க சன்னலச் சாத்தி எலய நனச்சுப் போட்டீங்க, அதுலதான் வந்துது. நானும் அன்னைக்கே சொல்லியிருக்கோணும், சொல்லல."

சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். அந்த முதுகு, அதே முதுகுதான். போகட்டும். போனால் இன்றைக்கு இரவு திட்டுவேன், நாளைக்கும் திட்டுவேன், நாற்காலியை எடுத்து அடுப்பில் வைப்பேன், விடமாட்டேன். இப்போது முதல் தட்டு. மேல்தட்டில் இருந்தே தொடங்கினேன், மனசு கெட்டியாக இருக்கும்போதே தின்கிறதை எடுத்துவிட வேண்டும் என்று. வலையோடு சுருட்டித் தூக்கினேன், தண்டும் இலையும் புழுவுமாகக் கனம், கையில் சில்லென்று ஊர்கிறது, குழிவரை கண்ணை மூடிக்கொள்ளாமல் நடந்தேன், கொட்டினேன், சுண்ணாம்பைத் தூவினேன். ரெண்டாவதற்குத் திரும்பினால் ஷெட்டு வாசலில் நிற்கிறார். செருப்பு மாற்றியிருந்தார். கை கழுவிய ஈரம் இருந்தது. அதற்காகத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்னைத் தாண்டி உள்ளே போய், ரெண்டாவது தட்டை அடியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். குழி விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றார். கொட்டினார். இப்படியே மாற்றி மாற்றி நடந்தோம், கீழ்த்தட்டு வரைக்கும். கீழ்த்தட்டின் நாற்றத்தில் அவருக்குக் குமட்டியது, முகத்தைத் திருப்பிக்கொண்டாரே தவிர தட்டை என்னிடம் கொடுக்கவில்லை. மலைப் பக்கம் இருந்து காற்று கொஞ்சம் இறங்கியது, சன்னல் வலை உள்பக்கம் உப்பியது, வெப்பமானியில் ஒரு கோடு குறைந்திருந்ததா இல்லை என் ஆசையா, தெரியவில்லை. நான் கடைசித் தட்டின் அடித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது ஷெட்டு வாசல் திண்டில் வைத்திருந்த அவர் போன் அடித்தது. கையெல்லாம் சுண்ணாம்பு, அதனால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். மாதேவன்.

"அண்ணா, புழு எப்பிடி இருக்கு? எல்லாரும் சூட்ல போச்சு போச்சுன்னு என்னத்தான் திட்றாங்க. உங்களுதும் போச்சா?"

பின்னால் சாக்கி சென்டரில் பத்துப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவர் போனுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"ஒரு அடுக்கு போயிருச்சுப்பா. உன்ற புழுவுல கொறையில்ல. நான்தான் சன்னலச் சாத்திப்போட்டு எலயில தண்ணி ஊத்தி வேக வச்சுட்டன். மிச்சம் ரெண்டு அடுக்கு தின்னுட்டிருக்குது. அடுத்த பட்டத்துக்கு எனக்கும் புழு வச்சிரு, மறந்திராத."

"வச்சிட்றேன் அண்ணா" என்றான் மாதேவன். இவர் முழங்கையாலேயே போனை அணைத்தார். நான் அடித்தாளைக் குழியில் போட்டுவிட்டு, குழியை மூட ரெண்டாவது மண்வெட்டியை எடுத்து அவர் பக்கம் சாய்த்து வைத்தேன்.